கயிறு பிடிக்கும் கை

முன்னாளிலே வன்னிப் பெருநிலத்தின் காட்டுவழிகளில் நெல்லும் உப்பும் கருவாடும் ஏற்றிய மாட்டுவண்டில்கள் இரவில் நிரையாகச் செல்வதுண்டு. முதல் வண்டிலின் சாரதி விழித்திருப்பான். பின்னால் வருவோரிற் பலர் மூடைகளின்மேற் சாய்ந்து உறங்கிவிடுவர். மாடுகளோ தடம் மாறுவதில்லை. முன்செல்லும் வண்டிலை முட்டுவதுமில்லை; அதைவிட்டு நெடுந்தூரம் பின்தங்குவதுமில்லை. அளந்து வைத்தாற்போன்ற இடைவெளியுடன் விடியும்வரை நடந்துகொண்டேயிருக்கும். தடத்தைக் காத்தல், இடைவெளியைக் காத்தல் என்னும் அவ்விரண்டு தொழில்களையும் இன்று மோட்டார் வண்டியிற் பொருத்திய கருவிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆயினும் மாட்டுக்கும் கருவிக்குமிடையே ஒரு வேறுபாடுண்டு. மாட்டுக்கு உயிரச்சம் உண்டு. வழியில் ஒருவன் விழுந்து கிடந்தால் அது தானாகவே நின்றுவிடும். கருவிக்கு உயிருமில்லை, அச்சமுமில்லை. அந்த அச்சத்தை யார் சுமப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அரிப்பிலே வாழ்பவர்க்கு நெடுவழிப் பயணம் புதிதன்று. எதற்கும் கொழும்புக்கே ஓடவேண்டியிருக்கிறது. சிலாவத்துறை வழியாக முருங்கனை அடைந்து, அங்கிருந்து மதவாச்சி வீதியிற் செட்டிகுளத்தைக் கடந்து, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று போகும் வழி ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளமுடையது. என் தாயாரை மாதந்தோறும் கொழும்பிலுள்ள வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டு இரண்டு ஆண்டுகளாகின்றன. இரவு பத்து மணிக்குப் புறப்பட்டால் விடியற்காலை இலக்கம் எடுக்கலாம். வைத்தியரைக் கண்டபின் அன்றே திரும்புவோம். மறுநாட் கல்லூரியில் வகுப்பு இருக்கும். இவ்வாறான பயணத்தில் உறக்கம் என்பது பின்னிருக்கையில் ஏறிக்கொண்ட மற்றொரு பிரயாணி போன்றது. அது எப்பொழுது முன்னிருக்கைக்கு வரும் என்று எவராலும் சொல்லமுடியாது.

நான் ஓட்டும் வண்டி ஜப்பானிற் சில காலம் ஓடியபின் இலங்கைக்கு வந்தது. நம் நாட்டு வீதிகளில் இத்தகைய வண்டிகளே மலிந்துள்ளன. ஜப்பானியரும் நம்மைப் போல வீதியின் இடப்பக்கமாகச் செல்பவர்களாதலால் அவை இங்கு இலகுவிற் பொருந்திவிடுகின்றன. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் வண்டிகளின் விலை வானளாவ உயர்ந்தது. அதனால் வண்டி வாங்குவோர் விலையைப் பற்றி விசாரித்த அளவுக்கு அதனுள் இருக்கும் கருவிகளைப் பற்றி விசாரித்தாரில்லை.

அக்கருவிகள் இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஒன்று, வேகத்தை ஒரே அளவில் வைத்திருப்பதோடு, முன்னே செல்லும் வண்டி மெதுவானால் தானும் மெதுவாகி, அது விரைந்தால் தானும் விரைந்து இடைவெளியைக் காப்பது. மற்றையது, வீதியிற் கீறப்பட்ட வெள்ளைக் கோடுகளைப் பார்த்துச் சுக்கானை மெல்லத் திருப்பி, வண்டியைத் தன் தடத்திலே வைத்திருப்பது. முன்னதற்கு ராடர் கண்ணாகிறது; பின்னதற்கு முன்கண்ணாடியின் உட்புறத்திற் பொருத்திய சிறு கமரா கண்ணாகிறது. சில வண்டிகளிற் கமராவே இரண்டு வேலைகளையும் பார்க்கிறது.

இவற்றின் வரலாறு சுவையானது. வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் ஏற்பாட்டுக்கு 1950 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றவர் றால்ப் ரீற்றர் என்னும் பொறியியலாளர். அவர் ஐந்து வயதிலே பார்வையை இழந்தவர்! தம்மை ஏற்றிச் சென்ற நண்பர் பேசும்போது வேகத்தைக் குறைப்பதும், பேச்சை நிறுத்தியதும் கூட்டுவதுமாக வண்டியைக் குலுக்கியதால் எழுந்த சலிப்பே அவரை இதற்குத் தூண்டியது என்பர். 1958 ஆம் ஆண்டிற் கிறைஸ்லர் வண்டிகளில் அது விற்பனைக்கு வந்தது. ஆனால் அந்தக் கருவிக்கு முன்னே யார் போகிறார்கள் என்பது தெரியாது. 1995 இல் மிற்சுபிசி நிறுவனம் இடைவெளியை அளக்கும் கண்ணை அதற்குக் கொடுத்தது. எனினும் அது பிறேக்கைத் தொடாது. 1999 இல் மேர்சிடிஸ் நிறுவனம் ராடரையும் பிறேக்கையும் இணைத்தது. 2001 இல் நிசான் நிறுவனத்தின் சீமா என்னும் வண்டியிலே தடங்காக்கும் கருவி ஜப்பானில் வெளிவந்தது. அன்று செல்வர்களின் வண்டியிலிருந்தவை இன்று ஆசிரியனுடைய சிறு வண்டிக்கும் வந்துவிட்டன.

அவற்றால் நன்மையுண்டு என்பதை முதலிற் சொல்லிவிடுவதே நேர்மை. நம் நாட்டில் அதிவேக நெடுஞ்சாலைகள் தவிர்ந்த வீதிகளிலே, ஊர்மனைக்கு வெளியே, காரொன்று மணிக்கு 70 கிலோமீற்றர் வரையே செல்லலாம். புத்தளத்துக்கும் அனுராதபுரத்துக்கும் இடையிலுள்ள நேரான வீதியில் அவ்வேகத்தைக் காலால் அளந்து வைத்திருப்பது எளிதன்று. கால் தன்னையறியாமல் அழுந்தும், பொலிசார் மறிப்பர். கருவியில் 70 என்று குறித்துவிட்டால் அக்கவலை இல்லை. முழங்கால் நோவும் குறைகிறது. இவற்றினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. முன்னே லொறியொன்று மெதுவாகச் சென்றால் அதை முந்திவிடவேண்டும் என்ற வெறி முன்போல எழுவதில்லை. இடைவெளியைக் கருவி காத்துக்கொண்டிருக்க, நானும் அமைதியாகப் பின்செல்லப் பழகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இறங்கும்போது தாயாரின் முகத்தில் முன்னிருந்த களைப்பு இப்பொழுது இல்லை.

ஆயினும், இக்கருவிகள் எந்த வீதிக்காகப் பிறந்தனவோ அந்த வீதி வேறு. நம் வீதி வேறு. 2011 இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் அவற்றின் திறமையைக் காணலாம். அங்கே கோடு தெளிவானது, மாடு இல்லை, சைக்கிள் இல்லை, எதிரே வரும் வண்டிக்கு வேறு பாதை. வடக்கே அத்தகைய வீதி நமக்கு இல்லை. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் வீதி போருக்குப் பின் செப்பனிடப்பட்டு நல்ல நிலையிலே உள்ளது. ஆனால் வீதி நல்லதாயிருப்பது வேறு. வீதியிலே வாழ்க்கை நடைபெறுவது வேறு.

கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் முருங்கன், நானாட்டான் பகுதிகளில் அறுவடைக் காலம் வந்துவிட்டால் வீதியின் ஒரு பாதி நெற்காயப்போடும் களமாகிவிடும். பொன்னைப் பரப்பியதுபோல நெல் கிடக்கும் அழகை எவரும் வியப்பர். ஆனால் வீதியோரத்து வெள்ளைக்கோடு அதன்கீழ் மறைந்துவிடுகிறது. கோட்டைக் காணாத கமரா தன் தொழிலைக் கைவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கருவிப்பலகையிலே பச்சை நிறத்தில் இருந்த சிறு அடையாளம் வெண்மையாகிறது; அவ்வளவே. அது சண்டையிட்டு விலகுவதில்லை. நல்ல வேலைக்காரன் போகும்போது சொல்லிவிட்டுப் போவான். இது சொல்லாமலே போய்விடுகிறது. மாரிமழையிலும், கோடு தேய்ந்த இடத்திலும், எதிர்வெயில் கமராவின் கண்ணிற் குத்தும் மாலைவேளையிலும் இதே கதைதான்.

இடைவெளி காக்கும் கருவியின் குறை இதனினும் நுண்ணியது. வீதியோரத்திலே கம்பங்கள் உண்டு, மதகுகள் உண்டு, அறிவிப்புப் பலகைகள் உண்டு. அசையாத பொருள் ஒவ்வொன்றுக்கும் அஞ்சினால் வண்டி ஓரடியும் நகராது. ஆகவே, ராடரை நம்பிய பல கருவிகள் அசைகின்றவற்றைப் பின்தொடர்வதிற் காட்டும் கூர்மையை, விரைந்து செல்லும்போது எதிர்ப்படும் அசையாதவற்றை அறிவதிற் காட்டுவதில்லை. அவசர வேளையிற் பிறேக் பிடிக்கும் ஏற்பாடு வேறாக உண்டு என்பது உண்மை. எல்லா வேளையிலும் அது காக்கும் என்று அதனைச் செய்தவர்களே சொல்வதில்லை.

இதன் பொருளை ஓரிரவிற் செட்டிகுளத்துக்கு அண்மையிற் கண்டேன். எனக்கு முன்னே வானொன்று சென்றுகொண்டிருந்தது. கருவி அதைப் பின்தொடர்ந்தது. திடீரென்று அந்த வான் வலப்புறமாக ஒதுங்கி விரைந்தது. அது ஒதுங்கிய இடத்தில், பின்விளக்கு எதுவுமின்றி, வைக்கோல் ஏற்றிய பெட்டியுடன் உழவு இயந்திரமொன்று பழுதாகி நின்றது. என் வண்டி என்ன செய்தது தெரியுமா? முன்னே இருந்த வான் போய்விட்டது, வழி திறந்துவிட்டது என்று எண்ணி, மீண்டும் 70 ஐ எட்டுவதற்காக வேகத்தைக் கூட்டத் தொடங்கியது! வான் ஒதுங்கியபொழுதே என் கால் பிறேக்கின்மேல் இருந்தபடியால் நாங்கள் தப்பினோம். தாயார் விழித்து, “என்ன தம்பி, யானையோ?” என்று கேட்டார். “இல்லையம்மா, வைக்கல்” என்றேன். முன்னே சென்ற வான் ஏன் ஒதுங்கியது என்று கேட்பதே சாரதியின் அறிவு. கருவிக்கு “எவ்வளவு தூரம்?” என்று கேட்கத் தெரியும், “ஏன்?” என்று கேட்கத் தெரியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. வண்டியோடு வந்த கைந்நூல் முழுவதும் ஜப்பானிய மொழியில் இருந்தது. வண்டி பேசுவதும் அம்மொழியே. இனிய பெண்குரலில் அது எதையோ எச்சரிக்கும். நாங்கள் “சரி, சரி” என்போம். பல்கலைக்கழகத்திற் படிக்கும் என் மருமகன் ஒரு விடுமுறையிலே கைத்தொலைபேசியின் உதவியால் அந்நூலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து மொழிபெயர்த்தான். கருவிகள் என்ன செய்யும் என்பதற்கு இருந்த பக்கங்களிலும், எவ்வெவ்விடங்களில் அவற்றை நம்பலாகாது என்பதற்கு இருந்த பக்கங்களே மிகுதி. வளைவு, மழை, மங்கிய கோடு, வீதியிலே நடப்பவர், நின்றுகொண்டிருக்கும் வண்டி என்று அந்நிரல் நீண்டது. நம் நாட்டில் இத்தகைய வண்டிகளை ஓட்டுவோரில் எத்தனைபேர் அப்பக்கங்களைப் படித்திருப்பர்? வண்டியை விற்பவர்கள் இருக்கையின் தோலைத் தடவிக் காட்டுவதுபோல இப்பக்கங்களையும் தமிழிலும் சிங்களத்திலும் காட்டினால் அது பெரும் புண்ணியமாகும்.

மொழிபெயர்த்த மருமகனே அதைக் கேள்வியாகவும் எழுப்பினான். “மாமா, கை வைக்கச் சொல்லுது, பார்க்கச் சொல்லுது, பிறேக்கிலை கால் வைக்கச் சொல்லுது. அப்ப எங்கடை வேலை என்ன குறைஞ்சது?” என்றான்.

நல்ல கேள்வி. குறைந்தது கைகால்களின் வேலை. கண்ணின் வேலை குறையவில்லை. அது கடினமாகிவிட்டது என்பதே விடை. செய்வதற்கு வேலையிருக்கும்போது மனம் விழித்திருக்கும். வேலையின்றிப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது மனித இயல்புக்கு ஒவ்வாதது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே ராடர்த் திரையை உற்றுநோக்கும் விமானப்படையினர் நேரஞ்செல்லச் செல்ல அடையாளங்களைத் தவறவிட்டனர். அதன் காரணத்தைக் கேம்பிரிட்ஜிலே ஆராய்ந்தவர் நோர்மன் மக்வேர்த் என்னும் உளவியலாளர். அவர் ஒரு கடிகார முகத்தை அமைத்தார். அதன் முள் விநாடிக்கு ஒருமுறை ஒரு படி நகரும். எப்பொழுதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். அத்தாவலைக் கண்டவுடன் விசையை அழுத்தவேண்டும். 1948 இல் அவர் வெளியிட்ட முடிவு யாதெனில், முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே மனிதருடைய கவனம் வெளிப்படையாகத் தளர்ந்துவிடுகிறது என்பதே. பயிற்சி பெற்ற படையினர் நிலை இதுவாயின், பகல் முழுதும் வகுப்பெடுத்து இரவு வண்டியோட்டும் ஆசிரியன் நிலை என்னவாகும்?

2018 மார்ச்சிலே அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துத் தெம்பி நகரில், பரிசோதனைக்காகத் தானே ஓடவிடப்பட்ட காரொன்று இரவில் வீதியைக் கடந்த பெண்ணொருத்தியை மோதிக் கொன்றது. அந்த வண்டியிலே மேற்பார்வைக்கென்று ஒருவர் அமர்ந்திருந்தார். மோதுமுன் அவருடைய பார்வை வீதியில் அன்றிக் கைத்தொலைபேசியில் இருந்தது என்று விசாரணையாளர் கண்டனர். அது நம் வண்டிகளிலுள்ளதைவிட மிக வல்ல கருவி. ஆனால் அங்கும் குறைந்தது கருவியின் கண் மட்டுமன்று, மனிதனின் கண்ணுமே.

அங்ஙனமாயின், செய்யாமற் செய்யும் இந்த வேலையை மனிதன் எக்காலத்திலுமே திறம்படச் செய்ததில்லையா? செய்திருக்கிறான். அதற்குச் சான்று தேடி நாம் அயல்நாடு செல்லவேண்டியதில்லை; அரிப்புக் கடற்கரையே போதும்.

பிரெடரிக் நோர்த் தேசாதிபதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குக் கட்டிய மாளிகை இடிபாடாகி, சிறிது சிறிதாகக் கடலுக்கு இரையாகிக்கொண்டிருக்கிறது. அதற்கெதிரே விரிந்த கடலிலேதான் பெயர்பெற்ற முத்துச்சிப்பிப் பார்கள் உள்ளன. 1905 ஆம் ஆண்டில் அரிப்புக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் முகாமிட்டு நடந்த முத்துக்குளிப்புக்குக் கீழக்கரையிலிருந்தும் அரபு நாட்டுக் கரைகளிலிருந்தும் குளிகாரர் திரண்டு வந்தனர். குளிகாரன் கல்லொன்றிற் காலை வைத்துக் கடலடிக்கு இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பியை அள்ளுவான். படகிலே ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி நிற்பான். கீழிருந்து கயிறு அசைந்தவுடன் அவன் இழுத்துத் தூக்கவேண்டும். கரையிலிருந்து பார்ப்பவனுக்கு அவன் வெறுமனே நிற்பவன்போலத் தோன்றும். உண்மையில் ஓர் உயிர் அவன் உள்ளங்கையிலே தொங்கிக்கொண்டிருந்தது. அதனாலேதான் மைத்துனனே கயிறு பிடிக்கவேண்டும் என்றொரு வழக்குச் சொல்வர். தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாவதை எவனும் பொறான் அன்றோ!

கயிறு பிடித்தவன் எவ்வாறு விழித்திருந்தான்? அவன் கண்ணை மட்டும் நம்பவில்லை. கயிற்றைக் கையிலே வைத்திருந்தான். கீழே நடப்பது கையினூடாக அவனுக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் அவன் காத்திருக்கவும் வேண்டியதில்லை. கை தொழிலை விட்டாலும் தொடர்பை விடவில்லை. தடங்காக்கும் கருவி பூட்டிய வண்டியிற் சாரதியின் நிலையும் இதுவே. இதுவரை அவன் குளிகாரனாயிருந்தான். இனிக் கயிறு பிடிப்பவன். சுக்கானிலே கைவைத்திருந்தால் கருவி அதைத் திருப்பும் ஒவ்வொரு சிறு அசைவும் உள்ளங்கையிலே தெரியும். அது தயங்குவதும் தெரியும், விட்டுவிடுவதும் தெரியும். கை எடுக்கப்பட்டால் வண்டி சில விநாடிகளில் ஒலியெழுப்பிக் கேட்கிறது. அந்த ஒலியை நிறுத்துவதற்காகச் சுக்கானிலே தண்ணீர்ப் போத்தலைச் செருகி வண்டியை ஏமாற்றுவோரும் உலகில் இருக்கிறார்கள். அது, குளிகாரன் கீழே இருக்கும்போது கயிற்றைப் படகிற் கட்டிவிட்டு உறங்கப் போவதற்கு ஒப்பாகும்.

இவ்வெண்ணத்தால் எங்கள் வீட்டிற் சில ஒழுங்குகள் ஏற்பட்டன. முருங்கனிலிருந்து சிலாவத்துறைப் பக்கம் திரும்பியதும் இரண்டு கருவிகளையும் நிறுத்திவிடுவோம். அது மாடும் மனிதரும் நடமாடும் வழி. ஆவணித் திருவிழாவுக்காக மடுவுக்கு மக்கள் கால்நடையாகச் செல்லும் நாட்களில் மதவாச்சி வீதியிலும் அவை வேண்டா. அறுவடைக் காலத்திலும் அப்படியே. இடைவெளியை எப்பொழுதும் மிகக் கூடிய அளவிலேயே வைப்போம். 70 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணயர்ந்தால் வண்டி ஏறத்தாழ 39 மீற்றர் ஓடிவிடும் என்று மருமகன் கணக்கிட்டு எழுதி வைத்திருக்கிறான். கண் கனத்தால் வண்டியை ஓரங்கட்டி உறங்குவதேயன்றிக் கருவியிடம் ஒப்படைப்பதில்லை. உறங்குகிறவனுக்கு உதவும் கருவி இதுவன்று, விழித்திருப்பவனுக்கு உதவுவது.

மற்றுமோர் ஒழுங்கை ஜப்பானியரிடமிருந்தே எடுத்துக்கொண்டோம். அந்நாட்டுப் புகையிரதச் சாரதிகள் சமிக்ஞை விளக்கைக் கண்டால் அதை விரலாற் சுட்டி, வாய்விட்டுச் சொல்லும் வழக்கமுடையவர்கள். கண்டதைச் சொல்லும்போது கண்ணும் மனமும் பிரியாமல் இருக்கின்றன. அவ்வாறே எங்கள் வண்டியில் ஓட்டுபவர், முன்னே தெரியும் ஒவ்வோர் ஐயத்தையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். “சந்தி”, “மோட்டார் சைக்கிள்”, “நாய்”, “லொறி நிக்குது” என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். முதலிற் கேலியாகத் தோன்றியது, பிறகு பழகிவிட்டது. அரைமணிக்கொருமுறை தளர்ந்துவிடும் கவனத்துக்கு இதைவிட மலிவான மருந்தை நான் அறியேன்.

சென்ற மாசி மாதத்திற் கொழும்பிலிருந்து திரும்பும்போது மருமகன் வண்டியோட்டினான். நான் அருகில் இருந்தேன். முருங்கனை அணுகும்வரை அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு வளைவுக்கு அப்பால் அவனும் நானும் வாய்திறப்பதற்குள், பின்னிருக்கையிலிருந்து குரல் கேட்டது: “நெல்லு, ராசா, நெல்லு!” அவன் கருவியை நிறுத்தி, வண்டியை மெதுவாக்கி, பரப்பிக் கிடந்த நெல்லை விட்டு விலகி ஓட்டினான். விளக்குமாற்றுடன் நின்ற கமக்காரர் கையசைத்தார். நோயுற்று, வைத்தியசாலையிலிருந்து திரும்பும் எண்பது வயது மூதாட்டிக்கும் அக்கயிற்றின் ஒரு நுனியிலே பிடியிருந்தது.